என் காதின் மேல் போட்ட பழி

எனக்குக் கற்பனை இல்லை என்று என் தங்கச்சியின் புருசன் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து, நான் ஆக்கிய இறால் கறியைத் தின்றுகொண்டு.

"மச்சாள், கோவிக்காதீங்க. அனிமே பிடிக்கல்ல எண்டு சொல்லுற ஆக்களுக்கு மனசு ஒரு வயசுக்குப் பிறகு இறுகிப் போயிரிக்கு எண்டுதான் அர்த்தம்."

கோவிக்காதீங்க என்று தொடங்கி ஒரு மனிதன் சொல்லுகிற எதற்கும் நான் கோபப்படாமல் இருந்ததில்லை. ஆனால் தங்கச்சி என் எதிரில் இருந்தாள். அவள் கண்ணால் கெஞ்சினாள். நான் அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி கறியை ஊற்றினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு வளவு. புருசன்மார் வந்து சேருவார்கள். எங்களுக்கும் அம்மா ஒரே வளவில் இரண்டு வீடு கட்டித் தந்தார். என் புருசன் ஒரு பெட்டி உடுப்போடு வந்தார். தங்கச்சியின் புருசன் சுவரை மறைக்கிற அளவுக்கு ஒரு ரீவியோடு வந்தார். வங்கியில் வேலை, நல்ல மனிதன், குடி கிடையாது, தங்கச்சியை ராணி போல வைத்திருக்கிறார். ஒரே ஒரு குறை. தான் ரசிப்பதை மற்றவர்களும் ரசிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணம் முடித்த முதல் வருசம் முழுக்க, சனிக்கிழமை பின்னேரங்களில் என்னையும் என் புருசனையும் கூப்பிட்டு வைத்து யப்பான் படங்கள் போட்டார். எல்லாம் கையால் வரைந்து கீறின படங்கள். ஒருநாள் நான் "கார்ட்டூன்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அது கார்ட்டூன் இல்லை, அனிமே என்று எனக்கு ஒரு வகுப்பே நடந்தது.

என் புருசன் எந்தப் படம் போட்டாலும் பத்தாவது நிமிசத்தில் நித்திரையாகிவிடுவார். தமிழ்ப் படமோ, சிங்களப் படமோ, சாமி படமோ, அவருக்கு எல்லாம் ஒன்று. அவருடைய கற்பனையைப் பற்றி இன்றுவரைக்கும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் இருந்து, கேட்டதற்கு "எனக்கு இது பிடிக்கல்ல" என்று உள்ளதைச் சொன்னவள். அதனால் மனசு இறுகியது எனக்கு.

"நீங்க இன்னும் சரியான படத்தப் பாக்கல்ல மச்சாள்." இது அடுத்த பாட்டு. எத்தனை பார்த்தாலும் சரியான படம் அதற்கு அடுத்ததாகவே இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தங்கச்சிதான் விசயத்தைக் கெடுத்தாள். எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "சும்மா இரிங்க. அக்காவுக்கு வாய் பாத்துத்தானே கதை விளங்குற. அந்தப் படத்தில வாய் சும்மா திறந்து திறந்து மூடுது. அவ எப்பிடி ரசிக்கிற?" என்றாள்.

என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்சக் காலத்தில் எனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் மிஞ்சியது, காது மிஞ்சவில்லை. அதற்கு முன்னமே பேசப் பழகியிருந்ததால் பேச்சு மட்டும் என்னோடு தங்கிவிட்டது. வலது காதில் ஒரு மெஷின் போடுகிறேன். அது சத்தம் தரும், சொல் தராது. சொல்லை நான் உதட்டில் இருந்துதான் எடுக்கிறேன். அதுவும் முழுசாக வராது. பணம் என்பதும் மணம் என்பதும் உதட்டில் ஒரே அசைவு. எது என்று பிரித்துச் சொல்லுவது கண்ணும் புருவமும் கன்னமும்தான். இங்கே காது கேட்காத ஆளைக் கண்டால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "சண்டை நேரம் ஷெல் விழுந்தா?" என்பது. கொழும்பிலிருந்து உதவித் திட்டங்களோடு வருகிற அம்மாமார் கட்டாயம் கேட்பார்கள். இல்லை, காய்ச்சல் என்று சொன்னால் அவர்களுடைய முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தக் காரணம் காணாது. ஒரு மனிசியின் காது போவதற்குக்கூட அவர்களுக்குப் பிடித்தமான காரணம் வேண்டும்.

தங்கச்சி அப்படிச் சொன்னதும் அவருடைய கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கண் கலங்கியது.

"ஐயோ மச்சாள். நான் இத யோசிக்கவே இல்லையே."

"அது இல்ல காரணம்," என்றேன் நான். "ரீவியில வடக்கத்தி நாடகம் போடுறாங்கதானே, தமிழ்க் குரல் குடுத்து. அதில வாய் ஒண்டு அசையும், சொல் வேற. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனா நான் விரும்பிப் பாக்கிறன். மாமியார் பொய் சொல்லுற நேரம் அவட மூக்கு விரியுறதப் பாக்கவே இரிப்பன். அனிமே எனக்குப் பிடிக்கல்ல, அவ்வளவுதான்."

"இல்ல மச்சாள், நீங்க என்னச் சமாதானப்படுத்தச் சொல்லுறீங்க."

கேட்காத காது என்னுடையது. ஆனால் அந்த மேசையில் ஒன்றும் கேட்காமல் இருந்தவர் அவர்.

அடுத்த கிழமை கந்தோரில் என்னோடு வேலை செய்கிற பெண் தன் போனைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். நான் படவரைஞராக வேலை செய்கிறேன். வயல் வட்டைகளுக்குத் தண்ணீர் போகிற வாய்க்கால்களும் மதகுகளும் கீறுவது என் தொழில். அன்று கரடியனாற்றுப் பக்கத்து வாய்க்கால் ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. போனில் தங்கச்சியின் புருசன் முகநூலில் எழுதிய நீளமான ஒரு பதிவு. 'என் மச்சாளுக்காக' என்று தலைப்பு. தன் வீட்டில் நடந்த ஒரு அநியாயத்தைத் தான் இத்தனை நாளும் காணாமல் இருந்தாராம். சத்தமில்லாத ஒரு உலகத்தில் இருந்து மச்சாள் அந்தத் திரையைப் பார்த்துக் கண்ணீர் துடைத்ததைத் தன் கண்ணால் கண்டாராம்.

நான் எந்தப் படத்துக்கும் அங்கே அழுததில்லை. கொட்டாவி விட்டால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அதைத்தான் கண்டிருக்கிறார்.

கீழே எத்தனையோ பேர் இதயம் போட்டிருந்தார்கள். யாரென்றே தெரியாத ஒருத்தி 'அந்தச் சகோதரியைக் கட்டி அணைக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். என்னோடு வேலை செய்கிற பெண்ணுடைய கண்ணும் நனைந்திருந்தது. "அக்கா, நீங்க ஒரு நாளும் சொல்லல்லயே," என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய் முகம் கழுவினேன். காரணமில்லாமல் பிடிக்காது என்றவரைக்கும் நான் மனசு இறுகினவள். காது காரணம் என்று ஆனதும் நான் பாவம். இரண்டில் ஒன்றைத்தான் எனக்குத் தந்தார்கள். நான் கேட்டதோ இரண்டும் இல்லை. பாகற்காய் பிடிக்காது என்று என் தங்கச்சி பிறந்த நாளிலிருந்து சொல்லுகிறாள். அவளுடைய நாக்கைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அந்தப் பதிவோடு விசயம் முடியவில்லை. பட்டணத்தில் அனிமே பார்க்கிற இளம் பிள்ளைகள் சேர்ந்து வைத்திருக்கிற ஒரு குழு இருக்கிறது. அவர்கள் அதை வாசித்துவிட்டு, காது கேட்காதவர்களுக்காகத் தமிழ் எழுத்துப் போட்டு ஒரு படம் காட்டப்போவதாக அறிவித்தார்கள். பிரதம விருந்தினர் நான். என்னிடம் கேட்கவில்லை. தங்கச்சியின் புருசன் சரி என்று சொல்லிவிட்டு வந்து எனக்கு அறிவித்தார்.

"நான் வரல்ல," என்றேன்.

"அந்தப் பிள்ளைகள் இராப் பகலா இருந்து எழுதுதுகள் மச்சாள். ஒங்களுக்காகத்தான்."

"நான் எழுதச் சொல்லல்ல."

அன்று பின்னேரம் தங்கச்சி வந்து என் கட்டிலில் இருந்து அழுதாள். அதற்காகத்தான் போனேன்.

வாவிக்கரையோரம் ஒரு சின்ன மண்டபம். உள்ளே யன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பிளாஸ்ரிக் கதிரை. எனக்கு முன்வரிசை நடுவில் மெத்தை வைத்த ஒரு பெரிய கதிரை, கல்யாண மேடையில் வைப்பார்களே, அதே மாதிரி. காது கேட்காத வேறு சிலரும் வந்திருந்தார்கள். அவர்களை ஓரத்தில் இருத்தியிருந்தார்கள். ஒரு பிள்ளை எனக்குப் பூங்கொத்துத் தந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

படம் தொடங்கியது. ஒரு தீவு. அங்கே உப்பு விளைவிக்கிற ஒரு பெண். அவளுடைய அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. ஒருநாள் அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாரை வீட்டு வாசலுக்கு வருகிறது. கீழே வெள்ளையில் தமிழ் எழுத்து ஓடியது. உள்ளதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அந்த எழுத்து மிக நன்றாக இருந்தது. அந்தத் தீவின் மீன்காரி ஒருத்தியின் வாயில் 'ஓம்', 'வாறன்', 'ஏலாது' என்று எங்கள் பேச்சையே வைத்திருந்தார்கள். சத்தங்களையும் எழுதியிருந்தார்கள். 'தகரத்தில் மழை', 'தூரத்தில் யாரோ இருமுகிறார்' என்று வந்தது. திரைக்கு வெளியே ஒரு ஆள் இருமுவதை என் வாழ்நாளில் நான் அன்றுதான் அறிந்தேன். அதற்காக நான் அந்தக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன் என்பதும் உண்மை.

ஆனால் கொஞ்ச நேரத்தில் மீண்டும் அதே அலுப்பு. பெரிய கண், சின்ன மூக்கு, கவலை என்றால் கண்ணில் ஒரு பளபளப்பு. எனக்குப் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. திரும்பினேன். வரிசை முழுக்க, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்க்கவில்லை. நான் எப்போது அழுவேன் என்று காத்திருந்தார்கள்.

படம் முடிந்து வெளிச்சம் வந்ததும் குழுவின் தலைவர் மைக்கை என் கையில் தந்தார்.

"எழுத்து மிகவும் நன்றாக இருந்தது," என்றேன். "எழுதின ஆளுக்கு நன்றி. படம் எனக்குப் பிடிக்கல்ல."

சிலர் சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது. தலைவர் இன்னொரு மைக்கை எடுத்து என் பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுவது போல, "அக்காவுக்குப் படம் சரியா விளங்கல்ல போல," என்றார்.

அப்போதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. கையிலிருந்த பூங்கொத்தைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன். அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் சொன்னேன். உப்பு, நாரை, சட்டை, ஊர்ச்சனம் நாரையைத் துரத்தியது எல்லாம். "அவன் கடலுக்குப் போட்டுப் போன சட்டையில மேல் பொத்தான் இல்ல. அந்தப் பொத்தான் முதல் காட்சியிலேயே தாய்ட உப்புப் பெட்டிக்குள்ள கிடக்கு. தாய்க்கு மகன் செத்தது முதலே தெரியும். மகளுக்குச் சொல்லாம வைச்சிரிக்கிறா. அதனாலதான் நாரை வந்த நேரம் தாய் வெளிய வரல்ல. விளங்கினா? எனக்கு விளங்கின. பிடிக்கல்ல."

பின்வரிசையில் சிலர் பொத்தானைப் பற்றி ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது உதட்டில் தெரிந்தது. படத்தில் அவர்கள் அதைக் கவனித்திருக்கவில்லை. ஓரத்தில் இருந்த, காது கேட்காத ஒரு ஐயா தனக்குப் படம் நன்றாகப் பிடித்தது என்று கையால் சைகை காட்டிச் சொன்னார். அவரிடம் ஒருவரும் மைக்கைக் கொண்டுபோகவில்லை.

வீட்டுக்கு எல்லோரும் ஒரே காரில் வந்தோம், என் புருசனும் பின்சீட்டில் என்னோடு. பாலத்தில் ஏறும்போது நான் தங்கச்சியின் புருசனைப் பார்த்தேன். தாடை இறுகியிருந்தது. வீட்டில் இறங்கியதும் அவர் நேரே உள்ளே போனார். தங்கச்சி முற்றத்து லைற்றுக்குக் கீழே என்னை நிறுத்தினாள். எனக்கு அவளுடைய வாய் தெரிய வேண்டும் என்பதற்காக, அவ்வளவு கோபத்திலும்.

"பிடிச்சிரிக்கு எண்டு ஒரு சொல் சொன்னா ஒனக்கு என்னக்கா குறைஞ்சிரும்?"

"நான் பொய் சொல்லணுமா?"

"ஒனக்கு எண்டுதானே அவ்வளவும் செஞ்சாங்க."

"எனக்கு எண்டா என்னட்டக் கேட்டிரிக்கணும். அவங்க செஞ்சது அவங்களுக்கு. நான் அழுது காட்ட வேண்டிய வேலைக்காரி."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குள் என் புருசன் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார். "நல்லாக் கதைச்சாய்," என்றார். அவர் அந்த மண்டபத்தில் நித்திரை கொள்ளாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு பல கிழமை தங்கச்சியின் புருசன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. உதடு பார்க்கிற ஆளோடு கோபித்துக்கொள்வது மிகவும் லேசு. முகத்தைத் திருப்பினால் போதும், நான் கேட்கிற வழி முழுவதும் அடைபட்டுவிடும். எனக்கு அது வலித்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் கந்தோருக்கு ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்ட, மெலிந்த, பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை. படத்துக்கு எழுத்துப் போட்டது தான் என்று சொன்னாள். விறாந்தையில் கிடந்த மர வாங்கு ஒன்றில் உட்கார்ந்தோம். வந்தவளுக்கு நல்ல கோபம்.

"ஒங்கட முகத்தப் பாத்து மைக்கில எங்கட தலைவர் கதைச்ச விதம் பிழை," என்றாள். "ஆனா நீங்களும் எங்கட படத்தத் தூக்கி எறிஞ்ச மாதிரிக் கதைச்சீங்க. எனக்கு அந்தப் படம் உயிர். ஏன் பிடிக்கல்ல எண்டு தெரிஞ்சுகொள்ளத்தான் வந்தன். காது எண்டு மட்டும் சொல்லாதீங்க. நான் நம்ப மாட்டன்."

இத்தனை நாளில் காது காரணம் இல்லை என்று நம்பிய முதல் ஆள் அவள்தான். அதனால் சொன்னேன்.

"எங்கட மேலதிகாரி ஒரு வரைபடத்தப் பாத்து 'நல்லாரிக்கு' எண்டு சொல்லுவார். மேல் உதடு கொஞ்சம் உள்ள போகும். அப்ப நல்லால்ல எண்டு எனக்குத் தெரியும். மனிசர்ட முகத்தில அவங்க சொல்ல விரும்பாததும் வந்து விழும். அத நம்பித்தான் நான் சீவிக்கிறன். கீறின முகத்தில கீறின ஆள் வைச்சது மட்டும்தான் இரிக்கு. மிச்சமா ஒண்டும் ஒழுகாது. வாய் சிரிக்கும், கன்னம் சும்மா கிடக்கும். வடிவா இரிக்கு. ஆனா எனக்கு அங்க ஒரு ஆள் இல்ல."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"எனக்கு அதுக்காகத்தான் பிடிக்கும்," என்றாள். "மனிசர்ட முகம் எனக்குப் பயம் அக்கா. சிரிச்சுக்கொண்டு என்ன நினைக்கிறாங்க எண்டு எனக்கு ஒரு நாளும் பிடிபடாது. வகுப்பில ஆரும் என்னப் பாத்தா நான் நிலத்தப் பாப்பன். கீறின முகம் கோபம் எண்டா கோபம், கவலை எண்டா கவலை. எனக்குத் தெரியாம ஒண்டையும் ஒளிச்சு வைச்சிரிக்காது. அங்கதான் எனக்கு மூச்சு வரும்."

இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆனால் வாயை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் வெறுக்கிற அதே வெறுமை அவளுக்கு நிழல். இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் இரண்டு விதமாகச் சொல்லுகிறோம். இதில் யாருடைய மனசு இறுகியது? யாருடைய கற்பனை குறைவு? யாரும் யாரையும் திருத்துவதற்கு இதில் என்ன கிடக்கிறது?

ஆனால் என் ஆத்திரம் முழுதாகத் தீரவில்லை. அவளிடமே கேட்டேன்.

"யப்பான் படத்துக்கு இவ்வளவு பாடுபட்டு எழுதினீங்க. தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து ஆரும் போட்டிரிக்கிறாங்களா? கதாநாயகன் முதுகக் காட்டிக்கொண்டு கதைப்பான். மீசை உதட்ட மூடும். மண்டபமே சிரிக்கும், நான் பக்கத்தில இரிக்கிற ஆளின்ட கையச் சுரண்டுவன். பிறகு சொல்லுறன் எண்டு சொல்லுவாங்க. ஒரு நாளும் சொன்னதில்ல. நியூசுக்கும் அதே கதைதான், எழுத்து இல்ல."

"ஒருத்தரும் கேக்கல்லயே," என்றாள் அவள்.

"கார்ட்டூனுக்கு நான் கேட்டனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்ட்டூன் என்று சொன்னதற்கு என்னைத் திருத்தவும் இல்லை.

இப்போது அவள் ஒரு பழைய தமிழ்ப் பகிடிப் படத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துப் போட்டு அனுப்புகிறாள். இளவயதில் பட்டணத்துத் தியேட்டரில் நான் பார்த்த படம் அது. அதில் ஒரு இடத்தில் நடிகர் யன்னல் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல, தியேட்டரே உருண்டு புரண்டு சிரித்தது. அவ்வளவு காலமும் அது உலகத்திலேயே பெரிய பகிடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்து வந்தது. மாமியாரைப் பற்றிய ஒரு சப்பைப் பகிடி. எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஆனால் சப்பை என்று சொல்லுகிற உரிமை அன்றுதான் எனக்குக் கிடைத்தது. அவளுக்கு அதை எழுதி அனுப்பினேன். 'எனக்கும் பிடிக்கல்ல' என்று பதில் வந்தது.

தங்கச்சியின் புருசனும் வழிக்கு வந்தார். அமிர்தகழியில் தீர்த்தத் திருவிழாவன்று சனத்துக்குள் நான் அவர்களைத் தவறவிட்டுவிட்டேன். அவர் தேடி வந்து, என் முன்னால் நின்று, முகத்தை நேரே காட்டி, "இஞ்ச வாங்க மச்சாள், காணல்ல எண்டு பயந்துபோனம்," என்றார். அன்றிலிருந்து மீண்டும் கதைக்கிறோம். ஆனால் பாடம் படித்தார் என்று சொல்ல மாட்டேன். போன மாதம் வவுணதீவில் சொந்தக்காரர் ஒருவரின் வீடு குடிபுகல். பந்தியில் எனக்கு எதிரே தன் வங்கிச் சினேகிதர் ஒருவரை இருத்தி அறிமுகப்படுத்தினார்.

"இதுதான் எங்கட மச்சாள். காது ஏலாது, அதனால பாவம் அனிமே ரசிக்கக் குடுத்து வைக்கல்ல."

"காதால இல்ல," என்றேன். "எனக்கு அது பிடிக்காது."

சினேகிதர் கையில் அப்பளத்தோடு என் பக்கம் குனிந்தார். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

"அப்ப ஏன் பிடிக்காது?"

நான் பருப்புக் கறியை என் பக்கம் இழுத்து, சோற்றில் ஊற்றி, பிசைந்து சாப்பிடத் தொடங்கினேன். அவர் இன்னும் ஏதோ கேட்டார். நான் அவருடைய வாயைப் பார்க்கவில்லை.